புத்துயிர் ஊட்டுவது வீடே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மொரிஷியஸில் தமிழுக்குப் புத்துயிர் ஊட்டுவது பள்ளிக்கூடமா, வீடா?' என்பது தலைப்பு. பள்ளிக்கூடம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு உட்கார்ந்தார் எதிரணி அண்ணன். தொடக்கப் பள்ளியில் தமிழ்ப் பாடம், மோக்காவில் 1970இல் தொடங்கிய, இந்திய மொழிகளைக் கற்பிக்கும் மகாத்மா காந்தி நிறுவனம், போதாக்குறைக்கு நம் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து என்று அடுக்கினார். எல்லாம் உண்மைதான். யார் இல்லை என்றது?

ஆனால் தலைப்பில் இருக்கும் வினைச்சொல்லை அண்ணன் தொடவே இல்லை. 'உண்' என்பதன் பிறவினை 'ஊட்டு'. நானே சாப்பிட்டால் உண்கிறேன். பிள்ளையைச் சாப்பிட வைத்தால் ஊட்டுகிறேன். பாலூட்டுகிறோம், நினைவூட்டுகிறோம், ஊக்கமூட்டுகிறோம். எதுவானாலும் எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை வாயைத் திறக்காவிட்டால் அது ஊட்டியது ஆகாது, சட்டையில் சிந்தியதுதான். பள்ளிக்கூடம் கற்பிக்கும். கற்பிப்பது வேறு, ஊட்டுவது வேறு.

சரி, நோட்டுக்கு வருவோம். 1998இல் வந்த புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது நம்மவர்கள் கொதித்தார்கள். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பெருமைதான்! அந்தப் பெருமையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போர்ட் லூயி சந்தையில் கத்தரிக்காய்க்கு எந்த மொழியில் பேரம் பேசுகிறோம்? பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் தீவின் பேச்சு மொழியான கிரியோலில். கடைக்காரர் தமிழராக இருந்தாலும் கிரியோல்தான்.

எங்கள் வீட்டுத் தைப்பூசத்தைச் சொல்கிறேன். காவடி இறக்கிவிட்டு வந்தால் வாழையிலையில் ஏழு கறி. என் அக்கா மகள் பள்ளியில் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். ரசத்தை மட்டும் கிரியோலில் கேட்டாள். பாட்டி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். இலைக்கு வரவில்லை. பிள்ளை திருதிருவென்று முழித்தாள். அப்புறம், "ரசம் கொஞ்சம் ஊத்துங்க பாட்டி" என்றாள். புத்தகத்தில் 'ஊற்றுங்கள்' என்றுதான் இருக்கும், நடுவர் அவர்களே. அந்த 'ஊத்துங்க' எங்கிருந்து வந்தது? பாட்டி வாயிலிருந்து!

எழுத்தைப் பள்ளிக்கூடம் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் தமிழ் அங்கே விருப்பப் பாடம். தேர்வு முடிந்ததும் பல வீடுகளில் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. பாட்டியைப் பரணில் ஏற்ற முடியுமா?

அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி. நேற்று இரவு உங்கள் வீட்டில் "விளக்கை அணை" என்று பிள்ளையிடம் எந்த மொழியில் சொன்னீர்கள்? முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும், பள்ளிக்கூடத்தை அப்புறம் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.