மூடியை இறுக்கினால் வெடிக்கும் பிளாஸ்க்!

(திரையில்: பைக்கின் பின்னால் கட்டிய அலுமினியக் கேன்)

வணக்கம் மக்களே! கேரளத்தின் பாலக்காட்டில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேனைத் தெரியும். சினை ஊசி போட வருபவர் கொண்டுவருவார்; திறந்தால் புகையாக வரும். உள்ளே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதில் மூழ்கிக் கிடப்பவை மாட்டுப்பட்டி, தோணி போன்ற கேரள ஊர்களின் காளைப் பண்ணைகளில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள், அதாவது காளையின் விந்தை அடைத்து உறையவைத்த மெல்லிய குழல்கள். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது, ஆனால் கேனைத் தொட்டால் சில்லென்றுகூட இல்லை. எப்படி?

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். 1892, லண்டன், ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி. பாத்திரத்துக்குள் பாத்திரம், நடுவில் வெற்றிடம். காப்புரிமை வாங்காமல் விட்டார். ஜெர்மனிக்காரர்கள் அதையே தெர்மாஸ் என்று விற்றுக் காசு பார்த்தார்கள். பாவம் மனுஷன்!

நம் கேனில் அந்த வெற்றிடத்துக்குள் பளபளக்கும் தாள் அடுக்கடுக்காகச் சுற்றியிருக்கும். கதிராக வரும் வெப்பத்தை அது திருப்பி அனுப்பிவிடும். உள்பாத்திரம் கழுத்தைப் பிடித்துத்தான் தொங்குகிறது. உலோகக் கழுத்து என்றால் வெப்பம் அதன் வழியே இறங்கிவிடும், அதனால் கண்ணாடி இழையில் செய்கிறார்கள். கேனை இடிக்காதே, உருட்டாதே என்று ஊசி போட வருபவர் திட்டுவது இந்தக் கழுத்துக்காகத்தான்.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். மூடி! காபி பிளாஸ்க்கைத் திருகி இறுக்குவோம் அல்லவா? இதற்குத் திருகே கிடையாது. தொளதொளவென்று இறங்கும் ஒரு நுரைக்கட்டை, அவ்வளவுதான். மைனஸ் 196 என்பது நைட்ரஜனின் கொதிநிலை. ஆமாம், இவ்வளவு குளிரிலும் அது கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆவியாகிப் போவது உள்ளே நுழைந்த வெப்பத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. மிச்சம் குளிராகவே இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும். போக வழியில்லாமல் அடைத்தால்? கேன் இல்லை, குண்டு. துணி திணித்து டேப் ஒட்டும் புத்திசாலிகளுக்கு இந்த வீடியோவை உடனே அனுப்புங்கள்.

அதே காரணத்தால், கண்ணாடி ஏற்றிய காரில் கேனை ஏற்றவே கூடாது. வாசனை இல்லாத வாயு, மூச்சுக்கான ஆக்ஸிஜனைத் தள்ளிவிடும்.

அளவு பார்க்க மீட்டர் இல்லை. மரக்குச்சியை அடிவரை விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டினால், திரவம் நின்ற உயரத்துக்கு வெள்ளையாகப் பனி பூக்கும். குச்சிக்குப் பதில் குழாயை விட்டால் திரவம் மேலே பீச்சியடிக்கும், முகத்தை நீட்டாதீர்கள்.

கேனின் வெளிப்புறத்தில் பனி படிந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். உறைவிந்துக் குச்சிகளை அன்றைக்கே வேறு கேனுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் லைக் போடலாம், அவசரமில்லை.