திருகோணமலைக் கடலுக்கு எந்தப் பிளைத் தூண்டில் கோல் வாங்கலாம்?

அடுத்த கேள்வியைக் கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "அண்ணா, இதுவரை சாதாரண ரீல் தூண்டிலில்தான் பாரையும் கட்டாவும் பிடித்திருக்கிறேன். பிளைத் தூண்டில் பழக ஆசை. இணையத்தில் 5ஆம் எண் கோல் ஒன்று நடுத்தர விலைக்கு வருகிறது. வாங்கலாமா?"

வாங்க வேண்டாம், தம்பி. அது நல்ல கோலாகவே இருக்கலாம். ஆனாலும் நம் கடலுக்கு அது போதாது.

அந்த எண் என்ன சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. பிளைத் தூண்டிலில் கொக்கியில் இருப்பது கொஞ்சம் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப் பூச்சிதான். அதை எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் இங்கே பாரத்தை லைனிலேயே வைத்திருக்கிறார்கள். தடித்த அந்த லைன் பறக்கும்போது பூச்சி அதன் பின்னால் போகிறது. லைனின் முதல் 30 அடி எவ்வளவு பாரம் என்பதுதான் அந்த எண். 5ஆம் எண் லைன் ஏறக்குறைய 9 கிராம், 8ஆம் எண் லைன் பதின்மூன்றரை கிராம். கோலில் போட்டிருக்கும் எண், அது எந்த லைனை வீசுவதற்குச் செய்யப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

5 என்பது டிரவுட் மீனுக்கான எண். வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த மீன். குளிர்ந்த தண்ணீர், சின்னப் பூச்சி, குறுகிய ஓடை. நமக்கோ பாரையும் கட்டாவும் துரத்துகிற சூடை மீன் அளவுக்குப் பூச்சி கட்ட வேண்டும். அது தண்ணீரில் தாழ்வதற்குப் பூச்சியின் கண்ணிலே உலோகமும் வைக்க வேண்டும். அந்தச் சுமையை 5ஆம் எண் லைன் தூக்காது.

அதைவிடப் பெரிய காரணம் காற்று. வைகாசி பிறந்தால் கச்சான், அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, தொடங்கிவிடுகிறது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடலைப் பார்த்து நின்றால் அது முதுகில் அடிக்கும். முன்வீச்சுக்கு அது உதவிதான். பின்வீச்சைத்தான் கெடுக்கும். பின்னால் போன லைன் நீண்டு விரிய வேண்டும். விரிந்தால்தான் கோல் வளையும், வளைந்தால்தான் முன்னால் பாயும். நானும் முதலில் 5ஆம் எண் கோல்தான் வாங்கினேன். இரண்டு மாதம் டச்சுக் குடாவில் நின்று, கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டே வீசினேன். பிறகு ஒரு நண்பரின் 8ஆம் எண் கோலை வாங்கி அதே இடத்தில், அதே காற்றில் வீசியபோது லைன் நேராகப் போய் விழுந்தது. அந்த இரண்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே 8ஆம் எண், 9 அடி நீளம், நான்கு துண்டுகளாகக் கழற்றக்கூடிய கார்பன் கோல். துண்டுகளாகக் கழற்றினால் இரண்டரை அடி உறைக்குள் அடங்கிவிடும், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். விறைப்பைப் பற்றி ஒரு சொல். மிக விறைப்பான கோலை உயர்ந்த கோல் என்று விற்பார்கள். பழகிய கைக்கு அது சரி. புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கோல் வளைவது கையில் தெரிய வேண்டும். நடுத்தரத்துக்குச் சற்று மேலான விறைப்பு போதும்.

இப்போது விலை. வெளிநாட்டில் உச்ச விலைக் கோல்கள் 1,000 அமெரிக்க டொலரைத் தாண்டிவிட்டன. 150 முதல் 300 டொலர் வரை உள்ளதை நான் நடுத்தரம் என்பேன். இன்றைய நடுத்தரக் கோல்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. கையில் உள்ள பணம் முழுவதையும் கோலிலேயே போட்டுவிடாதீர்கள். லைனுக்கு என்று எடுத்து வையுங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் இளகி, பிசுபிசுத்து, வளையங்களில் ஒட்டிக்கொள்ளும். வெப்பநாட்டுக் கடலுக்கென்றே உள்ளே விறைப்பான நூல் வைத்துச் செய்த லைன் இருக்கிறது. கேட்டு அதையே வாங்குங்கள். நடுத்தரக் கோலில் அந்த லைனைப் போட்டால், மோசமான லைன் போட்ட விலை உயர்ந்த கோலைவிட நன்றாக வீசலாம்.

கோல் கைக்கு வந்ததும் துண்டுகளைப் பொருத்தி ஒற்றைக் கண்ணால் நீளவாட்டில் பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ரீல் பூட்டுகிற இடம் உப்புக்குத் தாங்கும்படி பூச்சுப் போட்ட அலுமினியமாக இருக்க வேண்டும்; உள்ளே இரும்புத் திருகு இருந்தால் ஒரு மாரிக்குள் துரு ஏறிவிடும். தக்கைப் பிடிக்குக் கீழே சிறு குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பாரை இழுக்கும்போது வயிற்றில் ஊன்றிக்கொள்ள அது வேண்டும். நுனித் துண்டு உடைந்தால் அதை மட்டும் தனியே வாங்க முடியுமா, என்ன விலை என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். உடைந்த துண்டைக் கடல் கடந்து அனுப்பி எடுப்பதற்குள், மிச்சம் பிடித்த பணம் முழுவதும் தபாலுக்கே போய்விடும். ஒவ்வொரு முறையும் கோலையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பொருத்துகிற இடத்தில் மணல் இருந்தால் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

கார்பனில் மின்சாரம் பாயும். ஐப்பசி மாதத்தில் பின்னேர இடி முழக்கம் கேட்டவுடனே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி. புறாத்தீவுப் பக்கம் கோலோடு போகவே வேண்டாம். அது 2003இல் இருந்து தேசியப் பூங்கா.

பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை என் 8ஆம் எண் கோலை வீசிப் பாருங்கள், தம்பி. ஞாயிறு காலை ஆறு மணிக்கு உப்புவெளிக் கரையில் நிற்பேன். கச்சான் பலப்பதற்குள் வந்துவிடுங்கள். பிறகு காற்று எழும்பியதும் அதே கோலை இன்னொரு தடவை உங்கள் கையில் தருகிறேன்.