கிளாஸுக்கு புக் எடுக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். டீச்சர்ஸ் கிட்ட இன்னிக்கு நான் முக்கியமா கேட்டுக்கறது ஒண்ணுதான், எந்த புக்கா இருந்தாலும் கிளாஸுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி முதல் பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும் நீங்க ஒரு தடவை வாய்விட்டு படிச்சிருங்க. பின் அட்டையில "எட்டு வயசுக்கு மேல"ன்னு போட்டிருக்குறதை மட்டும் நம்பி எடுக்காதீங்க, அதைப் போட்டவங்களுக்கு உங்க கிளாஸ் பிள்ளைங்களைத் தெரியாது. முழுசா படிச்சாதான் நடுவுல அம்மா இறந்து போற மாதிரி ஒரு பக்கம் வருதுன்னு தெரியும், போன மாசம் அம்மாவை இழந்த பிள்ளை உங்க கிளாஸ்ல இருந்தா அந்த புக்கை ஒதுக்கணும்னு இல்ல, ஆனா முன்கூட்டியே வீட்டுல ஒரு வார்த்தை பேசிட்டு எடுக்கறது நல்லது. அறிவியல் புக்குன்னா வருஷத்தையும் பாருங்க, 2006-க்கு முன்னாடி வந்ததுல புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கிரகமாவே இருக்கும்.

கஷ்டமா ஈஸியான்னு பாக்க விரல் கணக்கு போதும். நூறு வார்த்தை இருக்குற ஒரு பக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, தெரியாத வார்த்தைக்கு ஒரு விரலை மடக்கச் சொல்லுங்க, அஞ்சும் மடங்கிருச்சுன்னா தனியா படிக்க இப்போதைக்கு சிரமம். எம்மெட் பெட்ஸ்னு ஒரு ஆய்வாளர் 1946-லயே சொன்னாரு, நூத்துக்கு 99 சரியா வந்தா தனியா படிக்கலாம், 95 வந்தா டீச்சர் துணையோட, 90-க்கு கீழன்னா பிள்ளை வெறுத்துரும்னு. அப்பவும் அந்த புக்கைத் தூக்கிப் போட்டுறாதீங்க, நீங்க வாசிச்சுக் காட்டுங்க, சின்னப் பிள்ளைங்களுக்குப் படிச்சுப் புரியறதை விட கேட்டா நிறைய புரியும்.

அப்புறம் கதையில யார் இருக்காங்க, என்ன செய்யறாங்கன்னு பாருங்க. வீல்சேர்ல ஒரு பையன் வர்றான்னா அவன் சண்டை போடறானா, குறும்பு பண்றானா, இல்ல மத்தவங்க பரிதாபப்படறதுக்கு மட்டும் வந்துட்டுப் போறானா? இதை நான் ரொம்பவே முக்கியமா நினைக்கறேன், அந்த மாதிரி ஒரு பிள்ளை உங்க கிளாஸ்ல உக்காந்து அந்தக் கதையைக் கேட்டா அதுக்கு எப்படி இருக்கும்? புத்திமதி சொல்றதுக்குன்னே எழுதின கதையையும் கொஞ்சம் குறைங்க, ரெண்டாவது பக்கத்துலயே பிள்ளைங்க கண்டுபிடிச்சிருவாங்க.

இவ்வளவு பார்த்து ஒரு இருபது புக் எடுத்து வச்சாச்சுன்னா அதுல எதைப் படிக்கணும்னு பிள்ளைங்களே எடுத்துக்கட்டும். ஒருத்தன் அதே ஈஸியான படக்கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தாலும் பரவால்ல, பிடுங்காதீங்க. நன்றி, வணக்கம்.