கொடி நடுவது வேறு, குடித்தனம் நடத்துவது வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'வேறொரு கோளில் முதலில் குடியேறப்போவது அமெரிக்காவா, சீனாவா?' இதுதான் தலைப்பு. எங்கள் அணி சீனாவின் பக்கம். எனக்கு முன்னால் அமெரிக்காவுக்காகப் பேசிய எதிரணித் தலைவர் நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங் என்றார், செவ்வாயில் ஓடும் ஊர்திகளான கியூரியாசிட்டி என்றார், பெர்சிவியரன்ஸ் என்றார், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ராக்கெட் என்றார். பேசிய இடமெல்லாம் கொடியாக நட்டுவிட்டுப் போனார். அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு குறைதான். தலைப்பில் 'குடியேறப்போவது' என்று இருக்கிறது. அவர் 'குடியேற' என்பதை விட்டுவிட்டு, 'போவது' என்பதற்கு மட்டும் பேசி முடித்துவிட்டார்!

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். 1972 டிசம்பரில் அப்போலோ 17 நிலவில் தங்கியது எவ்வளவு நேரம் தெரியுமா? 75 மணி நேரம். கணக்குப் பார்த்தால் மூன்று நாள். அப்போலோ பயணங்களிலேயே நீண்ட தங்கல் அதுதான். 18, 19, 20 என்று திட்டமிட்டிருந்த பயணங்களை அதற்கு முன்பே ரத்துசெய்துவிட்டார்கள். ஆக, நிலவில் இறங்கிய பன்னிரண்டு பேரும் விருந்தாளிகள். நாம் இங்கே குடித்தனக்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் போனவரே முதலில் தங்குவார் என்று நினைப்பவர்களுக்குத் தென் துருவத்தைக் காட்டுகிறேன். 1911 டிசம்பர் 14 அன்று அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர் நார்வேயின் அமுண்ட்சென். ஒரு கூடாரம், ஒரு கொடி, சில நாள் தங்கல், திரும்பிவிட்டார். ஐந்து வாரம் கழித்து வந்த பிரிட்டனின் ஸ்காட் அந்தக் கூடாரத்தைத்தான் பார்த்தார். திரும்பும் வழியில் அவரும் உடன் வந்த நால்வரும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு 1956 அக்டோபர் 31 வரை, 44 ஆண்டுகள், அந்த இடத்தில் மனிதக் கால் படவில்லை. அன்று ஒரு விமானம் இறங்கியது. அடுத்த மாதமே நிலையம் கட்டத் தொடங்கினார்கள். 1957-இன் குளிர்காலத்தை 18 பேர் அங்கேயே கழித்தார்கள். அன்றிலிருந்து ஒரு குளிர்காலம்கூட அங்கே ஆளில்லாமல் கழிந்ததில்லை.

அந்த விமானம் அமெரிக்க விமானம். எதிரணி கைதட்டுகிறது. தட்டுங்கள், தட்டுங்கள்! அங்கே அவர்களால் எப்படித் தங்க முடிந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுதோறும் கோடையில் விமானம் போகும், எண்ணெய் போகும், உணவு போகும். ஒரு பயணம் தள்ளிப்போனால் அடுத்த வாரம் இன்னொன்றை அனுப்பலாம். தேர்தலில் அதைப் பற்றிப் பேசி ஓட்டுக் கேட்டவரும் இல்லை, அதை நிறுத்துவேன் என்று கிளம்பியவரும் இல்லை.

செவ்வாய் அப்படியா? பூமியிலிருந்து அங்கே கலம் அனுப்பத் தோதான காலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். மனிதர் போய், அங்கே காத்திருந்து, திரும்பிவர ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. வழியனுப்பியவர் வேறு, வரவேற்பவர் வேறு, நடுவில் பட்ஜெட்டை வெட்டியவர் வேறு என்று ஆகிவிட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவரின் கதி என்ன?

இது என் கற்பனை இல்லை, நடுவர் அவர்களே. 1969-இல் துணை அதிபர் ஆக்னியூ தலைமையில் ஒரு குழு, 1980-களிலேயே செவ்வாயில் மனிதர் இறங்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. 1972-இல் அதிபர் நிக்சன் 'ஸ்பேஸ் ஷட்டில்' என்ற விண்ணோடத்துக்கு மட்டும் தலையசைத்தார், செவ்வாய் போயிற்று. 1989-இல் மூத்த புஷ் மறுபடி நிலவு, பிறகு செவ்வாய் என்றார். செலவுக் கணக்கு 50,000 கோடி டாலர் என்று வந்ததும் அதுவும் போயிற்று. 2004-இல் இளைய புஷ், 2020-க்குள் நிலவு, அதன்பின் செவ்வாய் என்றார். 2010-இல் ஒபாமா அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டு, 2025-இல் சிறுகோள் ஒன்றுக்குப் போவோம் என்றார். 2017-இல் வந்தவர்கள் சிறுகோளை விட்டுவிட்டு மறுபடி நிலவு என்றார்கள். வீடு கட்டக் கிளம்பியவர், வாஸ்து சரியில்லை என்று நான்காண்டுக்கு ஒருமுறை அஸ்திவாரத்தை மாற்றித் தோண்டிக்கொண்டே இருந்தால் கூரை எப்போது போடுவார்? நம் மொழியில் இதற்கு 'ஆரம்ப சூரத்தனம்' என்று பெயர்.

2025 ஜனவரியில் டிரம்ப் தன் பதவியேற்பு உரையில் செவ்வாயைப் பற்றி என்ன சொன்னார்? அங்கே அமெரிக்கக் கொடியை நடுவோம் என்றார். நடுவோம் என்றுதான் சொன்னார். தங்குவோம் என்று சொல்லவில்லை. நான் வைக்கும் வாதத்தை அவரே வைத்துவிட்டார்.

இப்போது சீனாவுக்கு வருவோம். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டத்துக்கு 1992 செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்தார்கள். மூன்று படி: முதலில் மனிதரை அனுப்பு, அடுத்து விண்வெளி ஆய்வகம் அமை, கடைசியில் நிரந்தர நிலையம் கட்டு. 2003-இல் முதல் சீன விண்வெளி வீரர் யாங் லிவெய் போய்வந்தார். அடுத்த பயணம் 2005, அதற்கடுத்தது 2008, பிறகு 2012. இப்படி ஆமை வேகத்தில் போனால் எங்கே போய்ச் சேர்வது என்று உலகமே கேட்டது. நானும் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். இன்று இந்த அணியில் உட்கார்ந்திருக்கிறேன்! நடுவில் 2011-இல், சீனாவோடு நேரடி ஒத்துழைப்பு கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் நாசாவுக்குத் தடை போட்டது. யார் வீட்டுத் திண்ணையும் வேண்டாம் என்று சீனா தன் வீட்டைத் தானே கட்டியது. தியாங்காங் என்ற அந்த விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி 2021 ஏப்ரலில் மேலே போனது. 2022 ஜூனிலிருந்து அதில் ஆள் இல்லாத நாளே இல்லை. 1992-இல் எழுதிய மூன்றாம் படி அதுதான். நடுவில் தலைவர்கள் மாறினார்கள், படி மாறவில்லை.

'ஸ்டார்ஷிப் மாதிரி ஒரு ராக்கெட் உங்களிடம் உண்டா?' என்று எதிரணி கேட்டது. இல்லை. 2024 அக்டோபரில் அந்த ராக்கெட்டின் அடிப்பகுதி திரும்பி வந்து கோபுரத்தின் கைகளில் உட்கார்ந்ததைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் 2017-இல் அந்த நிறுவனர் எலான் மஸ்க் செவ்வாய்க்குச் சொன்ன தேதிகள் ஞாபகம் இருக்கிறதா? 2022-இல் சரக்கு, 2024-இல் மனிதர். இரண்டும் கடந்து போய்விட்டன. சீன ராக்கெட் நிறுவனத் தலைவரும் 2021-இல், 2033-இல் செவ்வாய்க்கு மனிதர் என்று ஒரு கால அட்டவணை காட்டினார். அதை நான் ஆதாரமாக நீட்டப்போவதில்லை. தேதி சொல்வது யாருக்கும் சுலபம்.

ராக்கெட் என்பது வண்டி, நடுவர் அவர்களே. வண்டி வாங்கியவரெல்லாம் வீடு கட்டியவர் ஆகிவிடுவாரா? செவ்வாயில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு. விட்ட மூச்சையே சுத்தம் செய்து இழுக்க வேண்டும், குடித்த நீரையே மீட்டுக் குடிக்க வேண்டும், சாப்பாட்டை உள்ளேயே விளைவிக்க வேண்டும். கோளில் குடியேறுவது என்றால் அடிப்படையில் இதுதான்.

இதை அமெரிக்க மண்ணில் ஒருமுறை செய்து பார்த்தார்கள். அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி மாளிகை. 1991-இல் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். 21 சதவீதமாக இருந்த ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14 சதவீதத்துக்கு இறங்கியது. வளமாக இருக்கட்டும் என்று உரம் மிகுந்த மண்ணைக் கொட்டியிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட்டன. செடிகள் அந்த வாயுவை எடுத்து ஆக்சிஜனைத் திருப்பித் தந்திருக்கும். அதற்குள் கட்டடத்தின் கான்கிரீட் அந்தக் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டது! கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜனை ஏற்றினார்கள். ஆட்கள் இரண்டு ஆண்டையும் முடித்தார்கள் என்பது பெருமைதான். அதே ஆட்கள் செவ்வாயில் இருந்திருந்தால்?

சீனாவில் என்ன செய்தார்கள்? பெய்ஜிங்கின் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தில் 'நிலா மாளிகை 1' என்று ஒரு மூடிய கூடம். மாளிகை என்பது பேர்தான். நான்கு பேர் இருக்கும் சிறு அறைகள். 2017 மே முதல் 2018 மே வரை எட்டு மாணவத் தன்னார்வலர்கள் இரண்டு குழுவாக மாறி மாறி 370 நாள் உள்ளே இருந்தார்கள். கோதுமை விளைத்தார்கள், புரதத்துக்குப் புழு வளர்த்துச் சாப்பிட்டார்கள். தேவையானதில் 98 சதவீதத்தை உள்ளேயே மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்டினார்கள். ராக்கெட் புகை இல்லை, தலைப்புச் செய்தி இல்லை. குடித்தனம் என்றால் இதுதானே? நாசாவும் 378 நாள் நான்கு பேரை செவ்வாய் மாதிரி வீட்டில் வைத்துப் பார்த்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டதில் பெரும்பகுதி பொட்டலச் சாப்பாடு.

எதிரணியின் கடைசி அம்பு கூர்மையானது. 'பெரும் கப்பற்படையோடு கடல் கடந்த செங் ஹே, 1433-க்குப் பிறகு என்ன ஆனார்? கப்பலைக் கரையேற்றியதே சீனாதானே?' என்றார்கள். உண்மை. அவரை அனுப்பிய யோங்லே பேரரசர் 1424-இல் இறந்தார், மகன் வந்து பயணங்களை நிறுத்தினார், பேரன் ஒரே ஒருமுறை அனுப்பினார், அத்தோடு சரி. ஆள் மாறினால் பயணம் சாகும் என்றுதானே நானும் இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்? ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒரு கை நிறுத்து என்று சொல்லிவிட்டால், நிறுத்தாதே என்று சொல்ல அவையில் ஆள் இருக்காது. அந்த ஆபத்து இன்றும் உண்டு. முப்பது ஆண்டுக்கு மேலாக அந்தக் கை அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் என் சாட்சி.

மணியில் கை வைத்துவிட்டீர்கள். ஒரு நிமிடம் கொடுங்கள். சீனாவின் ஜூரோங் ஊர்தி செவ்வாயில் ஓராண்டு ஓடி, 2022-இல் தூங்கப் போய் எழுந்திருக்கவே இல்லை என்று கேலி செய்தீர்கள். அமெரிக்க ஊர்திகள் இன்னும் ஓடுகின்றன, அவற்றுக்கு என் வணக்கம். பெர்சிவியரன்ஸ் செவ்வாய்ப் பாறையை அரும்பாடுபட்டுத் துளைத்துக் குழாயில் அடைத்தது. அவற்றில் பத்துக் குழாய்களைத் தரையில் வரிசையாக வைத்தது. பின்னால் வருபவர் எடுத்துப்போகட்டும் என்று. 2024-இல் நாசாவே சொன்னது: இந்த மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் செலவு 1,100 கோடி டாலர் வரை போகும், அவை வந்துசேர 2040 ஆகும். 2025-இல் வந்த பட்ஜெட் முன்மொழிவு அந்தத் திட்டத்தையே கைவிடச் சொன்னது. சீனாவின் தியான்வென்-3 செவ்வாய்க் கலம், 2028 வாக்கில் கிளம்பித் தன் மண்ணைத் தானே அள்ளிவரத் தயாராகிறது. அந்தப் பத்துக் குழாய்களும் இந்த நிமிடமும் ஜெஸரோ பள்ளத்தில் கிடக்கின்றன, நடுவர் அவர்களே. வைத்தவர் வீட்டிலிருந்து இன்னும் ஆள் வரவில்லை.

நன்றி, வணக்கம்.