காட்டு முயலா, கூட்டு முயலா? கூட்டு முயல் அணியின் உரை

நடுவர் அவர்களே, வெள்ளவத்தையில் கூடியிருக்கும் சபையோரே, வணக்கம்.

ஊர்வீட்டுக் கறிச்சட்டிக்கு ஏற்றது காட்டு முயலா, கூட்டு முயலா? கூட்டு முயலே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் மூன்று காரணம் சொன்னார். காட்டு இறைச்சிக்குக் காசில்லை, அதில் மருந்தில்லை, தீன் விற்கிற விலையில் வன்னிக் குடியானவர் எதையும் வளர்க்க முடியாது. சரி, அந்த முயல் சட்டிக்கு வந்து சேரும் வழியைப் பார்ப்போம்.

பெரும்பாலும் அது சுருக்குக் கண்ணியில் மாட்டித்தான் வருகிறது. இன்றைய சுருக்கு நாரில் கட்டியதல்ல, மோட்டார் சைக்கிள் பிறேக் கம்பி. நார் இற்றுப்போகும், பிடிபட்டது தப்பும். கம்பி இழுக்க இழுக்க இறுகும், தளராது. வேலிப் பொட்டில், அதாவது வேலியில் உள்ள ஓட்டையில், அதைக் கட்டிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். அந்தப் பொட்டால் முயல் மட்டுமா வரும்? கீரி வரும், சருகுமான் வரும், அயல்வீட்டு நாயும் வரும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். கம்பியை அறுத்துக்கொண்டு ஓடும் உயிருக்கு மெய்யாகவே மூன்று கால்தான் மிஞ்சுகிறது. 2020 மே மாதம் மலையகத்து நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. மீட்டு, காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் உடவளவை நிலையத்துக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாட்களில் இறந்துபோனது. அதற்காகவா அந்தக் கம்பியைக் கட்டினார்கள்? இல்லை. ஆனால் கம்பிக்கு ஆள் தெரியாது.

இனி இறைச்சி. சுருக்கில் மணிக்கணக்காகத் துடித்த உடலில், தசையில் சேமித்திருந்த சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். நல்ல இறைச்சியில் இறந்தபின் இயல்பாக ஊறவேண்டிய புளிப்பு அதில் ஊறாது. அதனால்தான் அது கறுத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் பழுதாகிறது. முன்னிரவில் செத்ததை விடியற்காலை எடுத்தால், நம்முடைய வெக்கையில் குடல் ஊதி, வயிற்றுப்புறம் பச்சை பாய்ந்திருக்கும். இரத்தமும் வடிந்திராது. மஞ்சளும் மிளகும் மணத்தைத்தான் மறைக்கும்.

துவக்கு வேட்டைக்காரரின் கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சுட்ட இடத்திலேயே குடலெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆனால் துவக்கின் ஈயச் சன்னம், அதாவது ஈயக் குண்டு, உடைந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காயத்தைச் சுற்றிப் பரவுகிறது. புளி விட்டுக் காய்ச்சினால் ஈயம் இன்னும் கூடுதலாகக் கரையும். பிள்ளையின் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. மருந்தில்லாத இறைச்சி என்றாரே, அது இதுதானா?

கூட்டுக்கு வருவோம். ஒரு பெட்டைக்கு 2½ அடி நீளம், 2 அடி அகலம், 1½ அடி உயரம் போதும். அடித்தளம் கம்பிவலையாகவோ இடைவெளி விட்ட சலாகையாகவோ இருக்கவேண்டும். எச்சம் தங்கி ஈரமானால் கழிச்சல் வந்து குட்டிகள் வரிசையாகச் சாகும். நிலத்திலிருந்து 3 அடி உயர்த்தி, கிடுகு வேயுங்கள். தகரம் வேண்டாம். வெயில் ஏறினால் கடுவனுக்கு விந்து கெட்டு, சில வாரங்களுக்குச் சினை பிடிக்காது. பெட்டையைத்தான் கடுவனின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் பெட்டை கடித்துக் குதறும்.

சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 28ஆம் நாள் வைக்கோல் பரப்பிய பெட்டியை வையுங்கள். அது தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். ஈற்றுக்கு 5 குட்டி தப்பி, ஆண்டுக்கு 4 ஈற்று என்றாலும் 20 குட்டி. காட்டு முயல் பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் போடும். குட்டி 2 கிலோ வந்ததும் அறுத்தால் ஏறக்குறைய 1 கிலோ இறைச்சி கிடைக்கும்.

தீன் விலையா? முயல் கோழியல்ல, சோளத்தை நம்பி வாழ. புல், முருங்கைக் குழை, முள்முருக்கங் குழை எல்லாம் வளவிலேயே உண்டு. ஈரம் உலர்த்திப் போடுங்கள். இபில் இபில் மரத்துக் குழையை மட்டும் கொஞ்சமாகப் போடுங்கள், மிஞ்சினால் மயிர் கொட்டும்.

நடுவர் அவர்களே, எதிரணியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இரவு கட்டிய கம்பியை நடுச்சாமத்தில் எழும்பிப் போய்ப் பார்ப்பவர் யார்? அதில் முயலுக்குப் பதில் சருகுமான் உயிரோடு கிடந்தால், அதை எப்படிக் கழற்றி விடுவார்? அடுத்துப் பேசுபவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.