சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். 1927 அக்டோபரில் நியூயார்க்கில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' என்ற பேசும் படத்துக்குக் கூட்டம் அலைமோதியதும், ஹாலிவுட் கம்பெனிகளுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. ஊமைப்படமாக எடுத்து முடித்தவற்றில்கூட அவசர அவசரமாகப் பேச்சைச் சேர்த்தார்கள். அப்படி ஒட்டுப்போட்ட படம்தான் 1928இல் யுனிவர்சல் வெளியிட்ட 'லோன்சம்'. இயக்கியவர் பால் ஃபெயோஷ். ஹங்கேரிக்காரர், மருத்துவம் படித்தவர். பிற்காலத்தில் சினிமாவை விட்டுவிட்டு மானிடவியல் பக்கம் போய்விட்டார் என்பது தனிக்கதை.

படத்தின் கதை ஒரே நாளில் முடிந்துவிடும். ஜிம், தொழிற்சாலையில் உலோகத் தகட்டை அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டுபவன். மேரி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவள். நியூயார்க்கில் இருவருமே தனிக்கட்டை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும், தனித்தனியாகக் கோனி ஐலண்டு கடற்கரைக்குப் போகிறார்கள். அங்கே சந்திக்கிறார்கள், பிடித்துப்போகிறது. வேலைக் காட்சிகளில் இயந்திரத்தின் மேலும் முகங்களின் மேலும் ஒரு கடிகாரம் படர்ந்து நிற்கும். அப்புறம் கேமரா ஜனக்கூட்டத்துக்குள் புகுந்து திரியும், ரோலர் கோஸ்டரோடு சேர்ந்து பாயும். பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும்.

சரி, இருவரும் மணலில் உட்கார்ந்து வாய் திறந்து பேசுகிறார்கள். அவ்வளவுதான், படம் ஆணியடித்தாற்போல் நின்றுவிடுகிறது. மொத்தம் மூன்று இடங்களில் இப்படிப் பேச்சு வருகிறது. அன்றைய கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க, அதை ஒரு கூண்டுக்குள் அடைத்துவிடுவார்கள். நடிகர்களும் மைக்கை விட்டு நகர முடியாது. வசனமோ, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பேசுகிற பேச்சு மாதிரி இருக்கும். கண்ணாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட இருவர், எதற்கு இப்படித் திண்டாடுகிறார்கள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு ரோலர் கோஸ்டரில் தீப்பிடிக்கிறது. நெரிசலில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். முழுப் பெயர்கூடத் தெரியாது. கொட்டும் மழையில் தேடித் தேடிச் சலித்து, அவரவர் அறைக்குத் திரும்புகிறார்கள். ஜிம் கிராமபோனில் ஒரு இசைத்தட்டைப் போடுகிறான், 'ஆல்வேஸ்' என்ற பாட்டு. அது சுவரைத் தாண்டி அடுத்த அறையில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணின் காதில் விழுகிறது. அந்தப் பெண் மேரி. இத்தனை நாளும் பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறாள்.

நல்லவேளை, இந்த இடத்தில் யாரும் வசனத்தை ஒட்டவில்லை.