வலியில் கதறியவரை ஏன் நம்பவில்லை? நர்சிங் படிப்பில் விடுபட்ட பாடம்

[திரையில்: ஜோலியெட், கியூபெக், கனடா]

2020 செப்டம்பர் 28. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலியால் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், போனை எடுத்து ஃபேஸ்புக் லைவ் போடுகிறார். அவர் கதறுவது கேட்கிறது. அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய ஊழியர்களே அவரை இழிவாகப் பேசுவதும் கேட்கிறது. அன்றே அவர் இறந்துபோனார்.

பெயர் ஜாய்ஸ் எச்சகுவான். வயது 37, ஏழு பிள்ளைகளின் தாய், அத்திகமெக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். நுரையீரலில் நீர் கோத்ததால் இறந்தார், அதைத் தவிர்த்திருக்கலாம், இனவெறிக்கும் இதில் பங்கு உண்டு என்று மரண விசாரணை அதிகாரி 2021இல் எழுதினார். போதைப்பொருள் கிடைக்காமல் தவிக்கிறார் என்று ஆதாரமே இல்லாமல் ஊழியர்கள் முடிவுகட்டியிருந்தார்கள்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த கொடுமையை விசாரித்த கனடா ஆணையம், 2015இல் 94 பரிந்துரைகள் கொடுத்தது. மருத்துவ, நர்சிங் மாணவர்கள் எல்லோரும் பூர்வகுடி மக்களின் உடல்நலம் பற்றிக் கட்டாயம் படிக்க வேண்டும், இனவெறியை எதிர்க்கும் பயிற்சியும் பெற வேண்டும் என்பது 24ஆவது பரிந்துரை. அது வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் ஜாய்ஸ் இறந்தார்.

சரி, புத்தகத்தில் ஒரு பாடம் சேர்த்துவிட்டால் போதுமா? இதைக் கேளுங்கள், நம்பவே முடியாது.

[திரையில்: 2017, அமெரிக்கா]

பியர்சன் நிறுவனம் வெளியிட்ட ஒரு நர்சிங் பாடப்புத்தகத்தில், எந்த இனத்தவர் வலியை எப்படிக் காட்டுவார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. யூதர்கள் வாய்விட்டுப் புலம்புவார்களாம். கறுப்பின மக்கள் வலியை மற்றவர்களைவிட அதிகமாகச் சொல்வார்களாம். அமெரிக்கப் பூர்வகுடியினரிடம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால், தங்களுக்குப் புனிதமான ஓர் எண்ணைச் சொல்லக்கூடுமாம்!

இதைப் படித்துப் பாஸான ஒரு நர்ஸிடம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் பூர்வகுடிப் பெண் "ஒன்பது" என்கிறார் என்று வையுங்கள். அந்த ஒன்பதை நர்ஸ் வலி என்று எடுத்துக்கொள்வாரா, வழிபாடு என்று எடுத்துக்கொள்வாரா? இத்தனைக்கும் அந்தப் பட்டியல், பண்பாட்டு வேறுபாடுகளை மதிக்கச் சொல்லித்தரும் பகுதியில் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியதும் பியர்சன் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது.

"அவர்கள் இப்படித்தான்" என்று எழுதிக்கொடுக்கும் பாடம் ஆபத்தானது என்பதை நியூசிலாந்து முன்பே பேசியிருந்தது. 1988இல் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில், முதலாமாண்டு படித்த நர்சிங் மாணவி ஒருவர் எழுந்தார். அந்நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர் அவர். சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, பண்பாட்டுப் பாதுகாப்பு எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி நர்ஸ். 1992இல் நியூசிலாந்து நர்சிங் கவுன்சில் அதைப் படிப்பில் சேர்த்தது.

அதில் மாவோரிச் சடங்குகளை மனப்பாடம் செய்வது முக்கியமில்லை. தன் மனதில் என்ன முன்முடிவு இருக்கிறது, தன் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று நர்ஸ் தன்னையே பார்க்க வேண்டும். கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்வது யார் தெரியுமா? நோயாளி! சமைத்தவர் உப்பு சரி என்றால் ஆயிற்றா? சாப்பிட்டவர் அல்லவா சொல்ல வேண்டும்?

சும்மா விடுவார்களா? 1993இல் பத்திரிகைகளிலும் டிவியிலும் பெரிய கூச்சல். 1995இல் நாடாளுமன்றக் குழு வரை போனது. கவுன்சில் விளக்கங்களைத் திருத்தி எழுதியது, பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன்.

அப்புறம், பிரசவம். நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பது மாவோரி வழக்கம். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகள் கேட்காமலே அதை அப்புறப்படுத்தின. இன்று மருத்துவச்சிகள் அது வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பூர்வகுடி அமைப்புகளும் ஓர் ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒரு பிரசவத் திட்டம் நடத்துகின்றன. கர்ப்பம் தொடங்கியதிலிருந்து பிரசவத்துக்குப் பிறகும், தெரிந்த மருத்துவச்சியே கூட இருப்பார். பூர்வகுடிக் குடும்பங்களில் குறைப்பிரசவம் குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது.

நியூசிலாந்தில் நர்ஸாகப் பதிவு செய்ய வரும் வெளிநாட்டவர்களும் இப்போது பண்பாட்டுப் பாதுகாப்பு படித்தாக வேண்டும். அங்கேயோ, கனடாவிலோ, ஆஸ்திரேலியாவிலோ வேலை பார்க்கும் தமிழ் நர்ஸ்கள் யாராவது பார்க்கிறீர்களா? அந்த வகுப்பில் உங்களிடம் என்ன கேட்டார்கள், வார்டில் அது எங்கே கைகொடுத்தது என்று கமெண்டில் எழுதுங்கள். ஊரில் நர்சிங் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இந்த வீடியோவை அனுப்பிவிடுங்கள். அவர்களில் பலர் நாளைக்கு அந்த வார்டுகளுக்குத்தான் போகப்போகிறார்கள்.